மதினி பரிமாறிய பஃபே

மதினி சோறு போடும்போது சாப்பிடுகிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டார். தட்டைத்தான் பார்ப்பார். இடுப்பில் சட்டியை அணைத்துக்கொண்டு, கரண்டியை அதற்குள் விட்டபடி, லேசாகக் குனிந்து, தட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார். போதும் என்று நாம் சொல்வது அவர் காதில் ஏறாது. "வாய் அப்படித்தான் சொல்லும். கை என்ன செய்யுதுன்னு நான் பாக்கேன்" என்பார். சோற்றைப் பிசைகிற விரல்கள் குழம்புக்குத் தடவினால் குழம்பு விழும். பொரியலை ஒருவர் கடைசியில் தின்போம் என்று தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினால், அது அவருக்குப் பிடித்தது என்று மதினிக்குத் தெரிந்துபோகும். அதன்மேல் இன்னொரு கரண்டி வந்துவிடும்.

மதினி என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அக்காளை. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி வந்தபோது என் வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. மதினியின் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து போவார். ஒரே மகனை வைத்துக்கொண்டு தனியாக இருந்த மதினி, தம்பியையும் என்னையும் அந்த ஊரில் இருந்த தன் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். பின்கட்டில் ஒரு அறை எங்களுக்கு. அடுப்பு ஒன்றுதான்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். பிறந்த வீட்டில் ஏழு பேரில் நடுவில் வந்தவள். வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்கத் தெரியாது. புது இடத்தில் மெல்லுகிற சத்தம் பிறருக்குக் கேட்குமோ என்றுகூட வெட்கப்படுவேன். வந்த அன்றைக்கு இரண்டு கவளம் உருட்டி விழுங்கிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். மதினி என் தோளில் கையை வைத்து அமுக்கினார்.

"உக்காரு. ஒம் பசி இன்னும் எந்திரிக்கல."

அன்றைக்கு மொச்சைக் குழம்பு. தலை நிமிராமல் தின்றேன். கேட்காமலே வந்துகொண்டிருந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் தானாக நின்றது. அளவு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆறு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். ஒரு நாளும் நான் கேட்டதில்லை. ஒரு நாளும் பசியோடு எழுந்ததும் இல்லை.

கிழக்கு வீட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். தெருக்குழாயில் குடம் வைக்கிறதில் மதினிக்கும் அவளுக்கும் சண்டை. மூன்று மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. பேசாமல் இருப்பது என்றால் சும்மா இல்லை. மதினி குடத்தை வைக்கும்போது அவள் காறித் துப்புவாள். அவள் குனியும்போது மதினி குழாயடிக் கல்லில் வாளியை ஓங்கி வைப்பார். அப்படி இருக்கும்போது அவளுடைய அம்மா செத்துப்போய், காரியத்துக்குப் போய்விட்டு அவள் திரும்பி வந்தாள். வீட்டில் அடுப்பு புகையவில்லை. மதினி என்னை அனுப்பி அவளைக் கூட்டிவரச் சொன்னார். அவளும் வந்து உட்கார்ந்தாள். மதினி ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டார், ஊற்றினார், நின்றார், மறுபடி போட்டார். அவளும் பேசாமல் தின்று கையைக் கழுவிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் குழாயடியில் பழையபடி வாளிச் சத்தம். என்ன மதினி இப்படி என்று கேட்டேன்.

"அவ மூஞ்சிய யாரு பாத்தா? நான் தட்டையில்லா பாத்தேன்" என்றார்.

நல்லதாகவே சொல்லிக்கொண்டு போனால் அது மதினி ஆகாது. அவர் கையில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களும் உண்டு. தளவாய்புரத்திலிருந்து என் அப்பா ஒரு முறை பார்க்க வந்தார். அவரும் என்னைப் போலத்தான். வேண்டாம் என்று அழுத்திச் சொல்லத் தெரியாது. தட்டில் விழுந்ததை மிச்சம் வைப்பதும் மரியாதை இல்லை என்று நினைக்கிறவர். மதினி போடப் போட அவர் தின்றார். அவர் தின்னத் தின்ன, பசிதான் என்று நினைத்து மதினி போட்டார். ஊருக்குப் போய்ப் பஸ்ஸை விட்டு இறங்கியவர் வீட்டுக்கு நடக்க முடியாமல் ஒரு வேப்பமரத்தடியில் சாயுங்காலம் வரை உட்கார்ந்திருந்தாராம். "ஒம் மதினி வீட்டுக்கு வரணும்னா மொத நாளே பட்டினி கெடக்கணும் தாயி" என்று பொறவு என்னிடம் சொன்னார். மதினியிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் எனக்குக்கூட அளந்து அளந்து போட்டார். மூன்றாம் நாள் மறந்துவிட்டார்.

எல்லோரும் தின்று முடித்த பிறகுதான் மதினி உட்காருவார். சட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, தானே போட்டு, தானே ஊற்றி, வேகவேகமாக முடிப்பார். நான் போடுகிறேன் மதினி என்று சொல்ல நினைப்பேன். அதைச் சொல்வதற்கும் எனக்கு வெட்கம்.

என் மாமனார் தவறிய பிறகு நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அவருடைய வீட்டுக்குக் குடி வந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் தினமும் பஸ்ஸில் மில்லுக்குப் போய் வந்தார். மதினியின் மகன் கிருஷ்ணன்கோவிலில் இஞ்சினியரிங் படித்து மெட்ராசில் வேலைக்குப் போனான். தொண்ணூறுகளின் நடுவில் அவனுக்கு எங்கள் ஊரிலேயே ஒரு பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா கோர்ட்டில் வக்கீல். பார்த்தாயிற்று, பிடித்தாயிற்று. நாள் குறிப்பதுதான் பாக்கி. பட்டாளத்திலிருந்த அவன் அப்பா, நாளை நீங்களே குறித்துவிடுங்கள் என்று எழுதிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். சம்பந்தம் முடிவாகும்வரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். காப்பி குடிக்கலாம், அவ்வளவுதான். சோற்றில் கை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, இனி அவர்கள் நம் சனம் என்று அர்த்தம். அந்த முதல் சாப்பாட்டுக்காக மதினி எத்தனை வருஷமாகக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். பெண்ணை உட்கார வைத்துத் தன் கையால் போட வேண்டும். என்னை இரண்டு நாள் முன்னதாகவே வரச் சொல்லியிருந்தார். பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று விசாரித்துச் சொல்ல ஆள் தேடினார். பிறகு அவரே, "விசாரிக்க வேண்டாம். உக்காந்தா தெரிஞ்சிரும்" என்றார்.

மகன் மெட்ராசிலிருந்து வந்து வேறு சொன்னான். ராஜபாளையத்தில் புதிதாக ஏசி ஹோட்டல் திறந்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே பஃபே, வக்கீல் மாமாவிடமும் பேசிவிட்டேன், எல்லோரும் அங்கே போய்விடலாம், யாருக்கும் சிரமம் இல்லை என்றான். நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன்.

"அங்க யாரு போடுவா?" என்று மதினி கேட்டார்.

"யாரும் போட வேண்டாம்மா. வேணுங்கிறத வேணுங்கிற மட்டும் நாமளே எடுத்துக்கலாம். எம்புட்டு வேணும்னாலும்."

"அப்ப, யாரு வீட்ல யாரு கை நனைச்சதா அர்த்தம்?" என்றார் மதினி. மகன் சிரித்தான். காலம் மாறிவிட்டது என்றான்.

அந்த ஹோட்டலை நான் இப்போதும் மறக்கவில்லை. கதவைத் திறந்ததும் குளிர். நீள நீளமாக மேசை போட்டு, மூடி போட்ட வெள்ளிப் பாத்திரங்களாக வரிசையில் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சின்னதாக ஒரு நெருப்பு எரிந்தது. எதற்குள் என்ன இருக்கிறது என்று மூடியைத் தூக்கிப் பார்க்க எனக்குக் கூச்சம். தட்டோ கல் மாதிரி கனம். ஒரேயடியாக நிறைய எடுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கொஞ்சமாக எடுத்தால் மறுபடி அத்தனை பேர் நடுவில் எழுந்து நடந்து வர வேண்டும். நான் ஒரு வடையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். காலையிலேயே போட்ட வடை போல. கடிக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் சூப்பில் ஆரம்பித்தார். கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று அவருக்கு. இரண்டாவது தட்டிலேயே மூச்சு வாங்கியது. அதற்கு மேலும் போய் எடுத்து வந்து, தின்ன முடியாமல் வைத்துக்கொண்டு, யாராவது கேட்பார்களோ என்று பயந்து அதன்மேல் காகிதத் துண்டைப் போட்டு மூடினார். வக்கீல் தட்டில் பிரியாணி, பக்கத்தில் சிவப்பாக ஏதோ குழம்பு, அதை ஒட்டிக் குலாப் ஜாமூன். ஜீரா ஓடிப்போய் பிரியாணியில் சேர்ந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்காதது போலத் தின்றார். அத்தனை வகை இருந்தும், இது நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் ஒன்றைக் காட்டிச் சொல்லவில்லை.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். ஒரே மேசையில் நாங்கள் எல்லோரும் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் உட்காரவில்லை. வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆவணியில ரெண்டு முகூர்த்தம் இருக்கு" என்று எடுப்பார். நிமிர்ந்து பார்த்தால் மாப்பிள்ளை நாண் ரொட்டி எடுக்கப் போயிருப்பான். அவன் வரும்போது வக்கீல் வீட்டம்மா எழுந்து போயிருப்பார். அவர் வருவதற்குள் என் வீட்டுக்காரர் இருக்கமாட்டார். நாள் குறிக்க வந்தவர்கள் நாளைத் தவிர எல்லாவற்றையும் எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம்.

மதினி தட்டே எடுக்கவில்லை. பெண்ணின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை தட்டில் மூன்று வெள்ளரித் துண்டு, ஒரு ரொட்டி. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவளைப் பெற்றவர்கள். எல்லோர் கண்ணுக்கும் நடுவில் அவள் எப்படி எழுந்து போய் வேண்டியதை எடுப்பாள்? ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வா தாயி" என்று மதினி எழுந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். மேசைக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்று, மூடியைத் திறந்து, கரண்டியைக் கையில் எடுத்துவிட்டார். பிள்ளை தட்டை நீட்டினாள். சோறு, குழம்பு, கோழி. போதும் அத்தை என்றாள். அது மதினிக்குக் கேட்கவில்லை. இன்னும் ஒரு கரண்டி. அந்தப் பிள்ளை அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தாள்.

அவள் நகர்ந்ததும் அவளுக்குப் பின்னால் நின்ற யாரோ ஒரு மனுஷர் தட்டை நீட்டினார். ஹோட்டல் ஆள் என்று நினைத்திருப்பார். மதினி தலையைத் தூக்கவே இல்லை. போட்டார். அவர் நகர, அடுத்த தட்டு. அடுத்தது. பின்னால் வரிசை கூடிவிட்டது. ஒருவருக்கு எலும்பில்லாத துண்டாகப் பொறுக்கிப் போட்டார். ஒரு பெரியவருக்குச் சோற்றை உடைத்துப் போட்டார். தொப்பி வைத்த ஹோட்டல் பையன் பக்கத்தில் வந்து முழித்தான். "தம்பி, இதுல தீந்துபோச்சு, உள்ள இருந்து கொண்டாங்க" என்றார். அவனும் சரிம்மா என்று பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

எனக்கு நல்ல பசி. மதினி கரண்டி பிடித்து நிற்கிறதைப் பார்த்ததும் இன்னும் பசித்தது. வெறும் தட்டை எடுத்துக்கொண்டு போய் நானும் அந்த வரிசையில் நின்றேன்.

அப்போதுதான் கழுத்து நிறைய நகை போட்ட ஒரு அம்மா, "ஏம்மா, அந்தப் பக்கம் மேசையெல்லாம் ஈரமாக் கெடக்கு. பொறவு வந்து தொடச்சு விடு" என்று மதினியிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். வக்கீல் வீட்டம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. அவர் புருஷனைப் பார்த்தார். புருஷன் மாப்பிள்ளையைப் பார்த்தார். மகன் முகம் சிவந்து எழுந்து வந்தான்.

"அம்மா, கரண்டிய வைங்க. எல்லாரும் பாக்காங்க."

"வரிசையில ஆளு நிக்காகல்லா. செத்த இரு."

"இது நம்ம வீடு இல்லம்மா."

எனக்கு முன்னால் நின்றவர் வாங்கிக்கொண்டு நகர்ந்தார். அடுத்தது நான். என் தட்டு பாதி நீண்டிருந்தது. மதினி சோற்றை அள்ளிவிட்டார். மகன் என் பக்கம் திரும்பி, "அத்தை, நீங்களாவது சொல்லுங்க" என்றான். வக்கீல் வீட்டம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மொத்த ஹோட்டலும் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. நான் தட்டை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

மதினி தலையைத் தூக்கினார். அத்தனை வருஷத்தில், கரண்டி கையில் இருக்கும்போது அவர் என் முகத்தைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அள்ளிய சோற்றை மறுபடி பாத்திரத்திலேயே போட்டார். மூடியை மூடினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. ஆவணியிலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒரு குறையும் இல்லை. மருமகளும் நல்ல பிள்ளை. அன்றைக்கு அத்தை போட்ட சோற்றைத்தான் முழுசாகச் சாப்பிட்டேன் என்று என்னிடம் சொன்னாள். அதை மதினியிடம் சொல்லு என்றேன். சொன்னாளாம். மதினி சும்மா சிரித்தாராம்.

ஆனால் அதற்குப் பிறகு மதினி யாருக்கும் பரிமாறவில்லை. வீட்டுக்குப் போனால், சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, பொரியல் எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்து வைப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி. "எங்க வீட்லயும் பஃபேதான். வேணுங்கிறத எடுத்துக்கோங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர், "இப்பத்தான் எங்க அக்கா திருந்திருக்கா" என்று சொல்லித் தனக்கு வேண்டிய அளவு எடுத்துத் தின்பார். மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒரு கரண்டி எடுப்பேன். இன்னொரு கரண்டி எடுக்கக் கை நீளாது. ராஜபாளையம் போய்வருகிற நாட்களில் பஸ்ஸில் எனக்கு வயிறு இரையும். மதினி வீட்டிலிருந்து பசியோடு திரும்புகிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும்?

சட்டி அதேதான். மொச்சைக் குழம்பும் அதே ருசிதான். அந்தக் கரண்டி சட்டியில் இடிக்கிற சத்தம், பக்கத்தில் குனிந்து நிற்கிற அந்த நிழல், அது மட்டும் இல்லை.

ஆடிப்பூரத்துத் தேருக்கு மதினி வருஷம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவார். கல்யாணம் முடிந்து மூன்றாவது வருஷம் என்று நினைக்கிறேன். தேர் பார்த்துவிட்டு வந்தோம். என் வீட்டுக்காரர் தெருவில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மதினிக்குப் போட்டேன். நீயும் உட்கார் என்றார். எனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ, சொல்லிவிட்டேன்.

"மதினி, அன்னைக்கு ஹோட்டல்ல நான் தட்ட இழுத்துக்கிட்டேன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஆமா" என்றார்.

"எனக்கு நல்ல பசி மதினி அன்னைக்கு. வெக்கத்துல செஞ்சிட்டேன்."

"தெரியும்."

கொஞ்ச நேரம் தின்றார். பிறகு அவராகவே சொன்னார். "பத்துப் பேருக்குப் போட்டேன் அங்க. ஊரு தெரியாது, பேரு தெரியாது. நீட்டுனாக, போட்டேன். எனக்கு எம்புட்டு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? எவளோ மேச தொடைக்கச் சொன்னாளே, அதுகூட எனக்கு ஒண்ணுமில்ல. எம் மகன் வைக்கச் சொன்னான், அவன் சின்னவன், அவனுக்கு என்ன தெரியும்? பதினோராவதா நீ நின்ன. நீ மட்டும் நீட்டியிருந்தேன்னா, நான் கரண்டிய வச்சிருக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குழாயடியில் பேசுகிற குரலும் இல்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னார்.

நான் அழுதேனா என்று ஞாபகம் இல்லை. சட்டென்று என் தட்டை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன். "இப்பம் போடுங்க மதினி."

மதினி தட்டைப் பார்த்தார். பழைய மாதிரி குனிந்து, நன்றாகவே பார்த்தார். கை கரண்டிக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"இதுல எங்கிட்டுப் போட? நெறையா இருக்கே, ஏட்டி. நீயே போட்டுக்கிட்டியே" என்றார். இடது கையால் என் தட்டை மெல்லக் கீழே அமுக்கினார். "தின்னு. ஆறிப்போவுது."

நானே போட்டுக்கொண்ட சோற்றை நான் தின்றேன். அவர் அவருடையதைத் தின்றார்.

அடுத்த ஆடிப்பூரத்துக்கு மதினி வரும்போது வெறும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு நேரமானாலும் சரி, யார் பார்த்தாலும் சரி, கரண்டியைத் தொடுவதில்லை என்று. ஆனால் அந்த வருஷம் தை மாதத்திலேயே மகன் வந்து அவரை மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். தேருக்கு வரவில்லை. அதற்கு அடுத்த தேருக்கு மதினியே இல்லை.